வீட்டில் வளர்த்த பேசிலும் வாசனை இலைகளும்: செடியிலிருந்து சட்டி வரை முழுமையான வழிகாட்டி

துளசிக்கு உறவான பேசில் இலையின் மணம் எங்கே இருக்கிறது தெரியுமா? இலையின் மேற்பரப்பில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய எண்ணெய்ச் சுரப்பிகளில். விரல் பட்டாலே அவை உடைந்துவிடும். செடியை உரசிக்கொண்டு போனாலே கை மணப்பது அதனால்தான். பறித்து நேரமாக ஆக மணம் குறைவதும், கொதிக்கும் சாஸில் போட்டால் சில நிமிடங்களில் ஆவியோடு போய்விடுவதும் அதனால்தான்.

செடி வீட்டிலேயே இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு போய்ப் பறித்துக்கொண்டு வரலாம். காசு கொடுத்து வாங்கும் இலைக்கட்டுக்கு இந்த வசதி கிடையாது. எப்போது பறிப்பது, எப்போது போடுவது என்ற இரண்டும் கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில், எந்த பேசில்?

பேசில் என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாவற்றுக்கும் ஒரே சுவை இல்லை. இத்தாலிய சமையலில் வரும் அகன்ற, லேசாகக் குவிந்த இலை ‘ஸ்வீட் பேசில்’. அதில் ஜெனோவீஸ் ரகம்தான் பெஸ்டோ என்கிற பச்சை விழுதுக்கு உகந்தது. லினலூல், யூஜினால், சினியோல் ஆகிய வாசனைச் சேர்மங்கள் கலந்திருப்பதால் அதில் பூ மணம், கிராம்பு மணம், லேசான குளிர்ச்சி எல்லாம் சேர்ந்து வரும்.

தாய்லாந்துச் சமையலில் வரும் ‘தாய் பேசிலுக்கு’ ஊதாத் தண்டு, கூரான இலை, சோம்பு மணம். ஸ்வீட் பேசிலை விடச் சூட்டை நன்றாகத் தாங்கும், அதனால் வதக்கல்களுக்கும் சூடான சூப்புக்கும் ஏற்றது. லெமன் பேசில் மீனுக்கும் சாலட்டுக்கும் நல்லது. துளசி வேறு இனம். தாய்லாந்தின் ‘பட் க்ராபாவ்’ வதக்கலில் போடுவது அதைத்தான், ஸ்வீட் பேசிலை அல்ல. திருநீற்றுப்பச்சிலை பேசில் இனத்திலேயே சேர்ந்தது, ஆனால் செடிக்குச் செடி மணம் மாறும். ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு எதற்குப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்யுங்கள்.

ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் ஜெனோவீஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

செடியை வெட்டித்தான் வளர்க்க வேண்டும்

பேசிலுக்குத் தினமும் 6 மணி நேரமாவது நல்ல வெயில் வேண்டும். தொட்டி 20 செ.மீ. ஆழம் இருந்தால் போதும், ஆனால் அடியில் ஓட்டை கட்டாயம். மேல் மண் காய்ந்ததும் வேர்ப் பக்கமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். இலை மேல் ஊற்றி ஈரமாகவே விட்டால் பூஞ்சை வரும்.

சிறு தொட்டியோடு விற்கும் பேசில் பார்க்கப் புதர் போல இருக்கும். உண்மையில் அது ஒரே செடி அல்ல. ஏராளமான நாற்றுகளை நெருக்கி வைத்திருப்பார்கள். அப்படியே விட்டால் வேருக்கு இடமில்லாமல் சில வாரங்களில் வாடிவிடும். வாங்கியதும் மண்ணோடு மூன்று நான்கு கொத்தாகப் பிரித்துத் தனித்தனித் தொட்டிகளில் நடுங்கள்.

இனி முக்கியமான வேலை, கிள்ளுவது. செடியின் தண்டை அருகில் வைத்துப் பாருங்கள். இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருக்கும். ஒவ்வொரு ஜோடியும் தண்டோடு சேரும் கணுவில், இலைக்கும் தண்டுக்கும் நடுவே இரண்டு பக்கமும் குட்டி இலைகள் எட்டிப் பார்க்கும். அவை அடுத்த கிளைகள். நுனி இருக்கும் வரை அவை அடங்கியே இருக்கும். அந்தக் கணுவுக்கு அரை செ.மீ. மேலே தண்டை வெட்டினால் இரண்டும் கிளம்பி வரும். ஒரு தண்டு இரண்டாகும், இரண்டு நான்காகும்.

செடி 15 செ.மீ. உயரம் வந்து, மூன்று நான்கு ஜோடி இலைகள் விட்டதும் முதல் வெட்டை வெட்டலாம். மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். கீழே இருக்கும் பெரிய இலைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டிருந்தால் செடி ஒல்லியாக உயர்ந்து, சீக்கிரமே பூத்துவிடும். எப்போதும் நுனியிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம்.

பூமொட்டு தெரிந்ததும் அதையும் ஒரு ஜோடி இலையோடு சேர்த்து வெட்டிவிடுங்கள். பூக்கத் தொடங்கிய செடி புது இலை விடுவதைக் குறைத்துக்கொள்ளும், இலையிலும் கசப்பு ஏறும். பறிக்க ஏற்ற நேரம் காலை, பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்.

மற்ற செடிகளை வெட்டும் விதம் வேறு. பார்ஸ்லியில் வெளிப்புறத் தண்டுகளை அடியோடு எடுக்க வேண்டும், புது இலை நடுவிலிருந்து வரும். சைவ்ஸ் என்கிற, வெங்காய மணமுள்ள மெல்லிய தாளை மண்ணுக்கு மேல் 3 முதல் 5 செ.மீ. விட்டுக் கத்தரித்தால் திரும்ப வளரும். ரோஸ்மேரி, தைம் இரண்டிலும் பச்சையாக இருக்கும் பகுதியில் மட்டும் வெட்டுங்கள். இலையில்லாத பழைய மரத்தண்டு வரை வெட்டினால் ரோஸ்மேரி பெரும்பாலும் அங்கிருந்து துளிர்க்காது. புதினாவுக்கு எப்போதும் தனித் தொட்டி, இல்லாவிட்டால் வேர் ஓடி மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். கொத்தமல்லி சூடு ஏறினால் சட்டென்று பூத்துவிடும் என்பதால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைப்பதுதான் வழி.

தண்ணீர் விஷயத்தில் இவற்றை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். பேசில், புதினா, பார்ஸ்லி, கொத்தமல்லி ஈரம் கேட்பவை. ரோஸ்மேரி, தைம், ஓரிகானோ காய்ந்த மண்ணை விரும்புபவை. இரண்டு கூட்டத்தையும் ஒரே தொட்டியில் சேர்க்காதீர்கள்.

பறித்ததும் என்ன செய்வது

வாசனை இலைக்கு எதிரி நசுங்கல், ஈரம் இரண்டும்தான். அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, இலைகளை அதில் போட்டு மெதுவாக அசைத்தால் மண் அடியில் தங்கிவிடும். பாத்திரத்தைக் கவிழ்க்காமல் இலைகளைக் கையால் அள்ளி எடுங்கள், இல்லாவிட்டால் தங்கிய மண் திரும்ப இலை மேலேயே விழும். சுத்தமான துணியில் பரப்பி நன்றாக உலர விடுங்கள்.

பேசிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. அது வெப்பப் பகுதிச் செடி. சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இலையின் செல்கள் சேதமாகிக் கறுத்துவிடும். தண்டின் நுனியைப் புதிதாக நறுக்கி, டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து அறையிலேயே வையுங்கள். தண்ணீரை அவ்வப்போது மாற்றினால் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். சில நாட்களில் தண்டு வேர்கூட விட்டுவிடும், அதை நட்டால் இன்னொரு செடி. பார்ஸ்லியையும் கொத்தமல்லியையும் இதே மாதிரி தண்ணீரில் நிறுத்தி ஃபிரிட்ஜில் வைக்கலாம், அவை குளிரைத் தாங்கும். ரோஸ்மேரி, தைம் எல்லாவற்றையும் லேசாக ஈரமான துணியில் சுற்றி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் போகும்.

நறுக்குவது

பேசிலை நறுக்கியதும் விளிம்பு கறுப்பது ஏன்? இலை கிழியும்போது அதிலுள்ள நொதிகள் காற்றோடு சேர்ந்து வேலை செய்கின்றன. வெட்டிய ஆப்பிள் பழுப்பாவதும் இதே காரணத்தால்தான். மொக்கைக் கத்தி இலையை வெட்டுவதை விட அதிகமாக நசுக்குகிறது, அதனால் கறுப்பும் அதிகம். இலை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், கத்தி கூராக இருக்க வேண்டும்.

ஏழெட்டு இலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, நீளவாக்கில் சுருட்டி, குறுக்கே ஒரே இழுப்பில் மெல்லிய நாடாக்களாக நறுக்குங்கள். கத்தியை முன்னும் பின்னும் ஆட்டித் திரும்பத் திரும்பக் கொத்தாதீர்கள். கொத்தினால் மணம் பலகையில்தான் தங்கும். பரிமாறும் முன் கையால் பெரிதாகக் கிழித்துப் போட்டாலும் சரிதான், எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

தண்டை வீணாக்க வேண்டாம். கொத்தமல்லி, பார்ஸ்லி தண்டுகளில் சுவை நிறைய உண்டு, பொடியாக நறுக்கி வதக்கும்போதே சேர்க்கலாம். பேசில் தண்டைச் சாஸில் முழுதாகப் போட்டுக் கடைசியில் எடுத்துவிடலாம்.

எப்போது போடுவது

பல வீடுகளில் சமையல் தவறுவது இந்த இடத்தில்தான். எல்லா இலையையும் ஒரே நேரத்தில் போடுகிறார்கள்.

ரோஸ்மேரி, தைம், ஓரிகானோ, சேஜ், பே (bay) இலை எல்லாம் கெட்டியான இலைகள். வெயிலும் வறட்சியும் மிகுந்த இடங்களில் வளர்வதற்காகத் தடித்த தோலைக் கொண்டவை. எண்ணெய் உள்ளே பத்திரமாக இருக்கும், மெதுவாகத்தான் வெளியே வரும். அதனால் இவற்றைச் சமையலின் தொடக்கத்தில், சூடான எண்ணெயிலோ கொதிக்கும் நீரிலோ போடலாம். பச்சையாகக் கடைசியில் தூவினால் ரோஸ்மேரி வாயில் குத்தும்.

பேசில், கொத்தமல்லி, பார்ஸ்லி, புதினா, டில், சைவ்ஸ் மென்மையான இலைகள். இவை கடைசி ஒரு நிமிடத்துக்கானவை, அல்லது அடுப்பை அணைத்த பிறகானவை. பேசிலில் ஒரு கூடுதல் உத்தி உண்டு. ஒரு முழுக் கொம்பைக் கொதிக்கும்போதே போட்டால் கிராம்பு மாதிரி ஆழமான ஒரு சுவை சாஸில் இறங்கும். இறக்கும்போது புது இலைகள் சேர்த்தால் மேல் மணம் கிடைக்கும். ஒரே செடியிலிருந்து இரண்டு சுவை.

இந்த மணங்களெல்லாம் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். ஆலிவ் எண்ணெய், வெண்ணெய், சீஸ், கிரீம் ஏதாவது ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் பேசில் முழுதாகப் பேசும். வெறும் தக்காளியில் தூவிய பேசிலுக்கும், எண்ணெய் விட்ட தக்காளியில் தூவிய பேசிலுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வாய் சாப்பிட்டாலே தெரிந்துகொள்ளலாம்.

உலர்ந்த இலையை அளந்து போடும் செய்முறை கையில் இருந்தால், ஒரு டீஸ்பூன் உலர்ந்ததற்குப் பதில் ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது மூன்று மடங்கு பச்சை இலை. நேரத்தையும் மாற்ற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பெஸ்டோ, நிதானமாக

பெஸ்டோவின் ஊர் இத்தாலியின் ஜெனோவா. அங்கே மரபாகப் பளிங்கு உரலும் மரக் குழவியும் வைத்துச் செய்வார்கள். நாலு பேருக்கு, 400 கிராம் பாஸ்தாவுக்குத் தேவையானவை:

பேசில் இலை 50 கிராம் (தண்டு நீக்கி), பைன் கொட்டை 2 டேபிள்ஸ்பூன், பூண்டு சிறியதாக ஒரு பல், கல் உப்பு ஒரு சிட்டிகை, துருவிய பார்மேசன் சீஸ் 40 கிராம், பெகோரினோ என்கிற செம்மறி ஆட்டுப்பால் சீஸ் 15 கிராம் (இல்லாவிட்டால் பார்மேசனே போதும்), நல்ல ஆலிவ் எண்ணெய் 70 மி.லி.

இளம் இலைகளாகப் பாருங்கள். முற்றிய பெரிய இலைகளில் புதினா சாயல் தூக்கலாக இருக்கும்.

1. பூண்டையும் உப்பையும் உரலில் போட்டு மைய நசுக்குங்கள். உப்புக் கற்கள்தான் இங்கே அரைக்கும் வேலையைச் செய்கின்றன.

2. பைன் கொட்டையைச் சேர்த்துக் கிரீம் மாதிரி ஆகும் வரை இடியுங்கள்.

3. பேசிலைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேருங்கள். இப்போது இடிக்க வேண்டாம். குழவியை உரலின் பக்கவாட்டில் அழுத்திச் சுழற்றுங்கள். இலை கிழிந்து, பளீரென்ற பச்சைச் சாறு கசியும். வாசனை எழுந்து வருவது இந்தக் கட்டத்தில்தான், அவசரப்படாதீர்கள்.

4. சீஸைக் கலந்து, கடைசியில் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள்.

உரல் இல்லையா? மிக்ஸியிலும் வரும், ஆனால் பிளேடு சூடாகக் கூடாது. ஜாரை அரைமணி நேரம் ஃபிரீசரில் வைத்துவிட்டு, விட்டு விட்டு அரையுங்கள். எண்ணெயை மிக்ஸியில் ஊற்றிச் சுழற்ற வேண்டாம். ஆலிவ் எண்ணெய் வேகமான பிளேடில் சில சமயம் கசந்துபோகும். அரைத்ததை எடுத்து ஸ்பூனால் எண்ணெய் கலந்துகொள்ளுங்கள்.

நிறம் பச்சையாகவே நிற்க வேண்டும் என்றால் இலைகளைக் கொதிநீரில் 10 வினாடி போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி, நன்றாகப் பிழிந்து அரைக்கலாம். கறுக்கவைக்கும் நொதிகள் சூட்டில் செயலிழந்துவிடும். ஆனால் மணத்தில் கொஞ்சம் போகும். உடனே சாப்பிடுவதாக இருந்தால் இது தேவையில்லை, உறையவைக்கும் பெஸ்டோவுக்கு மட்டும் செய்யலாம்.

பைன் கொட்டைக்குப் பதில் வால்நட், பாதாம், முந்திரி எதுவும் போடலாம். வால்நட்டின் லேசான கசப்பு பேசிலோடு நன்றாகவே சேரும். முந்திரி போட்டால் இனிப்பு கூடும், அப்போது பெகோரினோவைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

பெஸ்டோவை அடுப்பில் வைக்கவே கூடாது. பாஸ்தாவை வடிப்பதற்கு முன் அரை கப் கொதிநீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அகலமான பாத்திரத்தில் பெஸ்டோவைப் போட்டு, இரண்டு மூன்று ஸ்பூன் அந்த நீரைவிட்டுத் தளர்த்தி, வடித்த பாஸ்தாவை அதில் புரட்டுங்கள். நீரிலுள்ள மாவுச்சத்து எண்ணெயையும் சீஸையும் சேர்த்துப் பிடிக்கும். பாஸ்தாவின் சூடே போதும்.

தக்காளி பேசில் சாஸ்

நன்றாகப் பழுத்த தக்காளி ஒரு கிலோ, ஆலிவ் எண்ணெய் 4 டேபிள்ஸ்பூன், தட்டிய பூண்டு 3 பல், பேசில் ஒரு கொம்பும் தனியாக ஒரு கை இலையும், உப்பு.

தக்காளியின் அடியில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கொதிநீரில் அரை நிமிடம் போட்டுத் தோலை உரித்து, பெரிதாக நறுக்குங்கள். எண்ணெயில் பூண்டை மிதமான தீயில் விடுங்கள். பொன்னிறமாக மாறத் தொடங்கியதும் தக்காளியைச் சேர்த்துவிட வேண்டும், பூண்டு சிவந்தால் கசக்கும். உப்பும் பேசில் கொம்பும் போட்டு, மூடாமல் 25 முதல் 30 நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் உடனே மூடாமல் நிற்கும், அதுதான் பதம். கொம்பை எடுத்துவிட்டு, அடுப்பை அணைத்து, இலைகளைக் கிழித்துப் போட்டு, சூடாக்காத ஆலிவ் எண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டு இரண்டு நிமிடம் மூடி வையுங்கள்.

இன்னும் சில

வாசனை வெண்ணெய் செய்வது சுலபம், பயனோ பெரிது. 100 கிராம் மென்மையான வெண்ணெயில் மூன்று டேபிள்ஸ்பூன் பொடியாக நறுக்கிய பார்ஸ்லி, சைவ்ஸ், கொஞ்சம் தைம், எலுமிச்சைத் தோல் துருவல், உப்பு சேர்த்துப் பிசைந்து, காகிதத்தில் உருளையாகச் சுற்றி ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். சுட்ட மீன், வேகவைத்த சோளம், சூடான ரொட்டி எதன் மேலும் ஒரு வில்லை வெட்டிப் போடலாம்.

ரோஸ்மேரி உருளைக்கிழங்கில் இலையைக் கடைசி 15 நிமிடத்தில்தான் சேர்க்க வேண்டும். 200 டிகிரியில் தொடக்கத்திலிருந்தே இருந்தால் கிழங்கு சிவப்பதற்குள் இலை கருகிவிடும். கெட்டியான இலைகளை முதலிலேயே போடலாம் என்ற விதிக்கு ஓவன் மட்டும் விலக்கு.

பார்ஸ்லி இரண்டு கை, புதினா அல்லது பேசில் ஒரு கை, கேப்பர் (ஊறுகாயாகப் போட்ட பூமொட்டு) ஒரு டேபிள்ஸ்பூன், பூண்டு அரைப் பல், இவற்றைக் கையால் பொடியாக நறுக்கி 100 மி.லி. எண்ணெயில் கலந்தால் பச்சை சாஸ். எலுமிச்சைச் சாறைப் பரிமாறும் நேரத்தில் மட்டும் விடுங்கள், புளிப்பு இலையின் பச்சையை மங்கலாக்கிவிடும்.

அதிகமாக விளைந்தால்

பேசிலைக் காயவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காய்ந்தால் பூ மணமெல்லாம் போய் வைக்கோல் வாடைதான் மிஞ்சும். நறுக்கிய இலையை ஐஸ் தட்டில் நிரப்பி, மூழ்கும்வரை ஆலிவ் எண்ணெய் ஊற்றி உறையவையுங்கள். நிறம் சற்று மங்கினாலும் சாஸுக்கு அருமையாக இருக்கும். பெஸ்டோவையும் இப்படிச் செய்யலாம். சீஸ் சேர்க்காமல் உறையவைத்து, இளகிய பிறகு சேர்த்தால் இன்னும் நன்றாக வரும். ஃபிரிட்ஜில் வைப்பதென்றால் மேலே எண்ணெய் மூடியிருக்க வேண்டும், நாலு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

ஓரிகானோ, தைம், ரோஸ்மேரி, பே இலை காயவைக்க ஏற்றவை. சிறு கொத்தாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் ஒன்றிரண்டு வாரம் தொங்கவிட்டு, தொட்டால் நொறுங்கும் பதம் வந்ததும் உருவி டப்பாவில் போடுங்கள். முழு இலையாகவே வைத்து, போடும்போது உள்ளங்கையில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பச்சை இலையையோ பூண்டையோ எண்ணெயில் மூழ்கவைத்து அலமாரியில் அலங்காரமாக வைக்காதீர்கள். எண்ணெய்க்குள் காற்று இல்லை, இலையில் ஈரம் இருக்கிறது, புளிப்பும் இல்லை. போட்டுலிசம் என்கிற ஆபத்தான நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர இது போதும். மணத்திலோ ருசியிலோ அது தெரியாது. அப்படிச் செய்த எண்ணெயை ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் பயன்படுத்துங்கள், அல்லது உறையவையுங்கள். வினிகரில் இந்தச் சிக்கல் இல்லை, அதன் புளிப்பு அந்தப் பாக்டீரியாவை வளரவிடாது. வெள்ளை வினிகரில் ஊதாத் தண்டு தாய் பேசிலை ஊறவைத்தால் சில நாட்களில் இளஞ்சிவப்பாக மாறும், சாலட்டுக்கு மிக நன்றாக இருக்கும்.

குளிர்காலம் வருகிற இடமென்றால், இரவுக் குளிர் 10 டிகிரியைத் தொடும் முன் பேசிலை மொத்தமாக அறுத்துவிடுங்கள். அறுக்கும்போது பூக்காத நுனிகளாகப் பார்த்து, ஒரு விரல் நீளத்துக்கு நாலைந்து துண்டுகளை எடுத்து வையுங்கள். கீழ் இலைகளை நீக்கி, கணு தண்ணீருக்குள் இருக்கும்படி டம்ளரில் போட்டு, வெளிச்சமான ஜன்னலோரம் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். வேர் இரண்டு செ.மீ. நீண்டதும் தொட்டிக்கு மாற்றி, வீட்டுக்குள்ளேயே வளர்க்கலாம்.